செம்பருத்தி ஏன் சிவப்புத் திட்டாகவே வருது?



உங்க போன் கேலரியைத் திறந்து, பூ போட்டோ ஏதாவது இருக்கானு பாருங்க. கண்டிப்பா இருக்கும். கேம்பஸ்ல பூத்த கொன்றை, ஊட்டி டூர்ல எடுத்த ரோஜா, ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற செம்பருத்தி... அதுல செம்பருத்தியை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க. இதழ்ல நரம்பு தெரியுதா? மடிப்பு தெரியுதா? இல்ல, சிவப்பு பெயின்ட் கொட்டின மாதிரி ஒரே திட்டா இருக்கா?

பெரும்பாலும் திட்டாகத்தான் இருக்கும். என்னோடதும் அப்படித்தான் இருந்தது.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எங்க வீட்டுக் கொல்லையில, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு செம்பருத்திச் செடி. எங்க அப்பாயி வெச்சது. அப்பாயி இப்போ இல்லை. தினமும் காலையில அதுல ரெண்டு பூ பறிச்சு சாமி படத்துக்கு வைக்கிறதுதான் அம்மாவோட முதல் வேலை. அந்த இடத்துல பாத்ரூம் கட்டப் போறாங்க. திங்கட்கிழமை கொத்தனார் வர்றார், செடியை வெட்டியாகணும்.

"போத்து வெட்டி வாசப்பக்கம் நட்டிருக்கேன், துளிர்க்குமானு தெரியல. நீதான் போட்டோகிராபி கிளப்புல இருக்கேன்னு சொன்னியே, இதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுடு"னு அம்மா சொன்னாங்க.

இதென்ன பெரிய விஷயம்னு மத்தியானம் ஒரு மணி வெயில்ல போய் 43 போட்டோ எடுத்தேன். சாயங்காலம் அம்மாகிட்ட காட்டினேன். ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்துட்டு, "என்னடி இது, சிவப்புத் துணி காயப்போட்ட மாதிரி இருக்கு. இதழ் எங்க?"னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. ஜூம் பண்ணிப் பார்த்தா, 43-லயும் இதழே இல்லை.

செம்பருத்திப் பூவுக்கு ஆயுசு பொதுவா ஒரு நாள்தான். காலையில விரியும், சாயங்காலம் சுருங்கும். சனிக்கிழமைப் பூ முடிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமைக்கு நாலு மொட்டு இருந்தது. கையில இருந்தது ஒரே ஒரு காலை. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சதும், மறுநாள் காலையில செஞ்சு பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. கேமரா வாங்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. கையில இருக்கிற போன் போதும்.

திட்டு எங்கிருந்து வருது?

இசிஇ, இஇஇ மக்களுக்கு இது சுலபமா புரியும். மத்தவங்களும் ஓடிடாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

கேமரா சென்சாருக்குத் தனியா கலர் தெரியாது, வெளிச்சத்தோட அளவு மட்டும்தான் தெரியும். அதனால ஒவ்வொரு பிக்சல் மேலயும் ஒரு கலர் ஃபில்டர் வெச்சிருப்பாங்க. கோடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் இதுக்கு ஒரு அமைப்பைக் கண்டுபிடிச்சார். 1976-ல காப்புரிமையும் கிடைச்சது. நாலு பிக்சல் எடுத்துக்கிட்டா ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். இன்னிக்கும் பெரும்பாலான கேமராவுலயும் போன்லயும் இந்த விகிதம்தான். ஆக, சுத்தமான சிவப்புப் பூவை எடுக்கும்போது, நாலுல ஒரு பிக்சல்தான் உருப்படியா வேலை செய்யுது.

இது முதல் பிரச்சினை. ரெண்டாவதுதான் பெரிய பிரச்சினை.

கேமரா எக்ஸ்போஷரை முடிவு பண்றது பொதுவா காட்சியோட மொத்த ஒளிர்வை வெச்சுத்தான். நம்ம கண்ணுக்குப் பச்சை ரொம்ப வெளிச்சமா தெரியும், சிவப்பு அவ்வளவா தெரியாது. அதனால டிஜிட்டல் வீடியோவுக்கான ரெக் 709 தரத்துல ஒளிர்வைக் கணக்குப் போடும்போது பச்சைக்கு சுமார் 72%, சிவப்புக்கு 21%, நீலத்துக்கு 7%னு எடை கொடுக்கிறாங்க. அதாவது, சிவப்பு உச்சத்துல இருக்கிற ஒரு பிக்சல்கூட, இந்தக் கணக்குல வெறும் 21% வெளிச்சம்தான். பூவைச் சுத்தி கரும்பச்சை இலை வேற. கேமரா என்ன நினைக்கும்? "அடடா, காட்சி இருட்டா இருக்கே"னு எக்ஸ்போஷரை ஏத்திவிடும். சிவப்பு சேனல் போய் 255-ல முட்டி நிக்கும். அதுக்கு மேல போக இடம் இல்லை.

இதழோட நரம்பு, மடிப்பு, நிழல் எல்லாமே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவுல இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம்தான். ஒண்ணு 230, ஒண்ணு 240, ஒண்ணு 250னு இருந்தாத்தான் கோடு தெரியும். எல்லாமே 255 ஆகிட்டா? திட்டுதான். ஆம்ப்ளிஃபயர் லேப்ல இன்புட்டைக் கூட்டிக்கிட்டே போனா சைன் வேவோட தலை தட்டையாகும் இல்லையா, அதே கிளிப்பிங்தான் இது.

தீர்வு ஒரே விரல்ல இருக்கு. பூ மேல தொட்டு ஃபோகஸ் பண்ணுங்க. பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு ஐகான் வரும். அதைக் கீழே இழுங்க. புரோ மோட் இருந்தா எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -0.7ல இருந்து -1.3 வரைக்கும் வெச்சு மூணு, நாலு படம் எடுங்க. -1னா பாதி வெளிச்சம்னு அர்த்தம். ஸ்கிரீன்ல படம் கொஞ்சம் இருட்டாத்தான் தெரியும். தெரியட்டும். இருட்டா இருக்கிற இலையை அப்புறமா எடிட்டிங்ல தூக்கிக்கலாம். முட்டிப்போன சிவப்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மஞ்சள் செவ்வந்தி, வெள்ளை நந்தியாவட்டைக்கும் இதே விதிதான். வெள்ளைப் பூவுல மூணு சேனலும் சேர்ந்து முட்டும். ஆனா வெள்ளை எரிஞ்சுபோனது கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடும். சிவப்பு நைசா ஏமாத்திடும், அதுதான் வித்தியாசம்.

வெளிச்சம்: சூரியனைப் பெருசாக்குங்க

எக்ஸ்போஷரைக் குறைச்சா மட்டும் போதுமா? போதாது. மத்தியான வெயில்ல நான் செஞ்ச இன்னொரு தப்பு, அந்த வெயிலேதான்.

நிழல் அழுத்தமா விழுமா, மென்மையா விழுமாங்கிறதை முடிவு பண்றது, விளக்கு எவ்வளவு பெருசா தெரியுதுங்கிறதுதான். சூரியன் நிஜத்துல ரொம்பப் பெருசு. ஆனா பூமியில இருந்து பார்க்கும்போது வானத்துல வெறும் அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சின்ன விளக்குல இருந்து வர்ற வெளிச்சம், கத்தி வெச்சு வெட்டின மாதிரி நிழல் போடும். இதழோட ஒரு பக்கம் எரியும், இன்னொரு பக்கம் கரியா இருக்கும்.

இப்போ 60 செ.மீ. அகலமுள்ள ஒரு வெள்ளைத் துணியைப் பூவுக்கு 30 செ.மீ. தள்ளி, வெயிலை மறைச்சு பிடிச்சுப் பாருங்க. பூவுக்கு இனிமே சூரியன் விளக்கு இல்லை, அந்தத் துணிதான் விளக்கு. பூவுல இருந்து பார்த்தா அது 90 டிகிரி அகலம். அரை டிகிரி எங்கே, 90 டிகிரி எங்கே! நிழல் ஓரமெல்லாம் கரைஞ்சு, இதழோட மடிப்பு ஒவ்வொண்ணும் மெதுவா வெளிச்சத்துல இருந்து நிழலுக்குப் போகும். துணியைத் தள்ளிப் பிடிச்சா விளக்கு சின்னதாகும், நிழல் திரும்ப அழுத்தமாகும். கிட்டப் பிடிக்கிறதுதான் ரகசியம்.

இதுக்கு நான் உபயோகிச்சது அப்பாவோட பழைய வேட்டி, ஒத்தை மடிப்பா. ஹாஸ்டல்லனா வெள்ளை துப்பட்டா, டிரேசிங் ஷீட் எதுவும் சரிதான். கலர் துணி மட்டும் வேண்டாம், அந்தக் கலர் பூ மேல ஏறிடும். மேகமூட்டமான நாள்ல இந்த வேலையே தேவையில்லை. வானம் மொத்தமும் ஒரு பெரிய வேட்டிதான்.

அடுத்தது ரிஃப்ளெக்டர். வெளிச்சம் வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பூ இருட்டா இருக்கும். அங்க ஒரு வெள்ளைப் பரப்பைக் காட்டினா வெளிச்சம் திரும்பி அடிக்கும். முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங் கிளாசுக்கு வாங்கி, அரியர் பயத்துல பத்திரமா வெச்சிருக்கிற டிராயிங் ஷீட் இருக்கே, அதுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது. தெர்மோகோல் துண்டும் நல்லா வேலை செய்யும். பிரியாணி பார்சல் ஃபாயில் வேண்டாம். அது கண்ணாடி மாதிரி பளிச்னு புள்ளி புள்ளியா அடிக்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வரணும்? மூணையும் ஒருதடவை முயற்சி பண்ணுங்க.

முன்னாடி இருந்து வந்தா, அதாவது சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா, கலர் நல்லா வரும். ஆனா பூ தட்டையா தெரியும். உங்க நிழலும் பூ மேலயே விழும்.

பக்கவாட்டுல இருந்து வந்தா, இதழ்ல இருக்கிற ஒவ்வொரு நரம்பும் ஒரு குட்டி நிழல் போடும். இதழ் எப்படி இருக்கும்னு தொட்டுப் பார்க்காமலே தெரியணும்னா இதுதான் வழி. காலை 7 மணிக்கு சூரியன் கீழே இருக்கிறதால இது தானா கிடைக்கும்.

பின்னாடி இருந்து வந்தா, இதழ் வழியா வெளிச்சம் ஊடுருவி, உள்ளே விளக்கு வெச்ச மாதிரி பூ ஒளிரும். நரம்பெல்லாம் எக்ஸ்ரே மாதிரி தெரியும். மெல்லிசான இதழுக்கு இது பிரமாதமா இருக்கும். லென்ஸ் மேல நேரா வெயில் அடிக்காம இன்னொரு கையால மறைச்சுக்கோங்க.

போன் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அது லென்சுக்குப் பக்கத்துலயே இருக்கிற ஒரு குட்டிப் புள்ளி. முன்வெளிச்சத்தோட எல்லாக் கெட்டதும் அதுல இருக்கு.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

எல்லா லென்சுக்கும் ஒரு எல்லை உண்டு. அதுக்குள்ள போனா ஃபோகஸ் ஆகாது. போன் மெயின் கேமராவுக்கு இது சிலதுல 10 செ.மீ., சிலதுல 15 செ.மீ.க்கும் மேல. உங்க போனோட எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேலை மேஜையில வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போங்க. எந்த இடத்துல எழுத்து மங்குதோ அதுதான் எல்லை. இதைத் தெரிஞ்சுக்காமத்தான் நிறைய பேர் பூ மேலயே போனை இடிச்சுட்டு, "ஃபோகஸ் வரல"னு போனைத் திட்டுறாங்க.

எல்லையில நின்னு 2எக்ஸ் ஜூம் போட்டுப் பாருங்க. தள்ளி நிக்கிறதால உங்க நிழலும் விழாது, வேட்டி பிடிக்கவும் இடம் இருக்கும். சில போன்ல 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரானு ஒண்ணு தனியா இருக்கும். பல நேரம் அதைவிட, மெயின் கேமராவுல எடுத்து கிராப் பண்றதே தெளிவா இருக்கும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னும் கிட்டப் போகணுமா? கிளிப் மாதிரி மாட்டுற குளோஸ்-அப் லென்ஸ் கிடைக்கும். பள்ளிக்கூட ஃபிசிக்ஸ்தான் இது. லென்சோட பவர் எத்தனை டயாப்டரோ, 1000 மி.மீ.-ஐ அதால வகுங்க. தூரத்துல ஃபோகஸ் பண்ணியிருக்கிற கேமரா முன்னாடி +10 லென்ஸ் மாட்டினா, 100 மி.மீ. தூரத்துல இருக்கிற பொருள் தெளிவா தெரியும். கிளப் கேமரா கிடைச்சா எக்ஸ்டென்ஷன் டியூப் போடலாம். 50 மி.மீ. லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவுல 25 மி.மீ. டியூப் மாட்டினா, பொருள்ல பாதி அளவுக்கு பிம்பம் சென்சார்ல விழும். டியூபுக்குள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் இடைவெளிதான். அதனால விலையும் குறைவு.

ஃபோகஸும் காத்தும்

கிட்டப் போகப் போக ஒரு விலை கொடுக்கணும். தெளிவா தெரியற ஆழம் சுருங்கிக்கிட்டே போகும். ஃபுல் ஃபிரேம் கேமராவுல, பொருளும் பிம்பமும் ஒரே அளவா வர்ற அளவுக்குக் கிட்டப் போய், எஃப்/8-ல எடுத்தா, தெளிவா இருக்கிற பகுதி ஏறக்குறைய 1 மி.மீ. தான்! அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மங்கல். இந்த விஷயத்துல போனுக்கு ஒரு நன்மை இருக்கு. சென்சார் சின்னதா இருக்கிறதால அதே ஃபிரேமுக்கு ஆழம் அதிகமா கிடைக்கும். போன் வெச்சிருக்கோமேனு கவலைப்படாதீங்க.

இந்தக் கொஞ்சூண்டு ஆழத்தை எங்க செலவழிக்கிறதுங்கிறதுதான் கேள்வி. செம்பருத்தியை நேரா முன்னாடி இருந்து பாருங்க. நடுவுல இருந்து ஒரு தண்டு உங்களை நோக்கி நீட்டிக்கிட்டு இருக்கும். அதைச் சுத்தி மஞ்சள் மகரந்தப் பைகள், நுனியில அஞ்சு குட்டி உருண்டைகள். நுனியில ஃபோகஸ் பண்ணினா இதழ் போச்சு. இதழ்ல பண்ணினா நுனி போச்சு.

வழி என்ன? பக்கவாட்டுக்கு வாங்க. அந்தத் தண்டு உங்க போன் ஸ்கிரீனுக்கு இணையா வர்ற மாதிரி நில்லுங்க. இப்போ தண்டோட அடியும் நுனியும் ஒரே தூரத்துல இருக்கு. இருக்கிற ஆழத்துக்குள்ளயே முழுத் தண்டும் அடங்கிடும். எந்தப் பூவா இருந்தாலும், எது முக்கியமோ அதை சென்சாருக்கு இணையா வைங்க. மங்கினாலும் பரவாயில்லைங்கிறதை முன்னாடியோ பின்னாடியோ தள்ளுங்க.

அடுத்த வில்லன் காத்து. பூ நொடிக்கு 10 செ.மீ. ஆடுதுனு வெச்சுக்கோங்க. சாதாரணமா தெரியுது இல்லையா? ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தா, அதுக்குள்ள பூ 1 மி.மீ. நகர்ந்திடும். நரம்பெல்லாம் அழிஞ்சு போறதுக்கு அது போதும். 1/500னா 0.2 மி.மீ. தான். புரோ மோட்ல ஷட்டரை 1/500க்குக் கிட்ட வெச்சு, ஐஎஸ்ஓ-வை முடிஞ்சவரை குறைவா வைங்க. புரோ மோட் இல்லையா? பர்ஸ்ட்ல பத்து படம் எடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. காம்பை ஒரு குச்சியோட துணி கிளிப் வெச்சு மெதுவா பிடிச்சு நிறுத்தலாம். காம்பை நசுக்காதீங்க. காலையில சீக்கிரம் போனா பெரும்பாலும் காத்து கம்மியா இருக்கும், அதுவே பாதி வேலையைக் குறைச்சிடும்.

முக்கியமா, போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். அது நிஜமான மங்கல் இல்லை, கணக்குப் போட்டு ஓரத்தை வெட்டி பின்னணியை மங்க வைக்கிறது. மகரந்தப் பை மாதிரி மெல்லிசான விஷயத்தை அது பின்னணினு நினைச்சு சாப்பிட்டுடும்.

காம்போசிஷன்: முட்டி போடுங்க

நம்மள்ல பெரும்பாலானவங்க பூவை எப்படி எடுக்கிறோம்? நின்ன இடத்துல நின்னு, மேல இருந்து கீழே. தினமும் நடந்து போகும்போது எப்படிப் பார்க்கிறோமோ அப்படியே. அதனாலதான் அந்தப் படத்துல புதுசா எதுவும் இருக்கிறதில்லை. பூவோட உயரத்துக்கு இறங்குங்க. முட்டி போடுங்க. போடுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல கட்டெறும்பு இருக்கானு பார்த்துக்கோங்க, அனுபவத்துல சொல்றேன்.

இறங்கினதும் பூவைப் பார்க்காதீங்க, பின்னணியைப் பாருங்க. ஸ்கிரீனோட நாலு மூலையையும் ஒருதடவை கண்ணால சுத்தி வாங்க. வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் கவர், பளிச்னு வானம் தெரியற ஒரு ஓட்டை, குறுக்கே ஒரு குச்சி. இதெல்லாம் எடுக்கும்போது தெரியாது, எடுத்ததுக்கு அப்புறம் அதுதான் முதல்ல தெரியும். அரை அடி நகர்ந்தாலே பின்னணி முழுசா மாறிடும். பூவுக்கும் பின்னணிக்கும் தூரம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மங்கும். சுவரை ஒட்டி இருக்கிற பூவைவிட, பின்னாடி ரெண்டு மீட்டர் காலி இடம் இருக்கிற பூவைத் தேர்ந்தெடுங்க. எதுவுமே சரியா அமையலையா? ஃபிரண்டோட கறுப்பு டீ-ஷர்ட்டைப் பின்னாடி பிடிக்கச் சொல்லுங்க.

அடுத்து, பூவை ஃபிரேமோட நட்ட நடுவுல வைக்கணும்னு கட்டாயம் இல்லை. கேமரா செட்டிங்ல கிரிட் ஆன் பண்ணினா மூணுக்கு மூணு கட்டம் வரும். கோடுகள் சந்திக்கிற இடத்துல முக்கியமானதை வெச்சுப் பாருங்க. செம்பருத்தியில நமக்கு ஒரு வசதி இருக்கு. நடுத்தண்டு தானாவே ஒரு கோடு. அதைக் குறுக்கா, மூலையை நோக்கி சாய்ச்சு வெச்சா பார்க்கிறவங்க கண்ணு அடியில ஆரம்பிச்சு மகரந்தம் வழியா நுனிக்குப் போகும். நுனி எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: இந்தப் பூவுல எனக்கு என்ன பிடிச்சிருக்கு? இதழோட சுருக்கமா, மகரந்தமா, பக்கத்துல இருக்கிற மொட்டா? பதில் "எல்லாமே"னு வந்தா, மூணு படம் எடுங்க. ஒரே படத்துல எல்லாத்தையும் திணிக்காதீங்க.

தயவுசெஞ்சு படத்துக்காகப் பூவைப் பறிக்காதீங்க. அடுத்து வர்றவங்களுக்கும் பூ வேணும், தேனீக்கும் வேணும்.

எடிட்டிங்: உப்பு மாதிரி

எடிட்டிங்கை ஏமாத்து வேலைனு சிலர் சொல்வாங்க. அப்படி இல்லை. போன் கொடுக்கிற ஜேபெக்கே ஏற்கெனவே எடிட் ஆன படம்தான். கான்ட்ராஸ்ட், கலர், ஷார்ப்னெஸ் எல்லாத்தையும் அதுவே முடிவு பண்ணிடுது. முடிஞ்சா ரா ஃபார்மட்ல எடுங்க. ஜேபெக்ல ஒவ்வொரு சேனலுக்கும் 256 படிதான். 12 பிட் ரா-ல 4096 படி. சிவப்போட நுணுக்கமான வித்தியாசங்களுக்கு அந்த இடம் தேவை.

லேப்டாப்னா டார்க்டேபிள், ஜிம்ப் ரெண்டும் இலவசம். போன்ல ஸ்னாப்சீட், லைட்ரூம் இருக்கு. எதுல பண்ணினாலும் இந்த வரிசையில பண்ணுங்க.

1. முதல்ல கிராப். தேவையில்லாத ஓரத்தை வெட்டுங்க. எடிட் பண்ண வேண்டிய விஷயமே குறைஞ்சிடும்.

2. ஒயிட் பேலன்ஸ். மர நிழல்ல எடுத்தா படம் நீலமாவோ, இலை வெளிச்சம் பட்டு பச்சையாவோ இருக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பான பக்கம் நகர்த்துங்க. மகரந்தம் மஞ்சளா தெரியற இடத்துல நிறுத்துங்க.

3. வெளிச்சம். நாம வேணும்னே இருட்டா எடுத்தோம் இல்லையா? இப்போ ஷேடோஸை மட்டும் கொஞ்சம் தூக்குங்க, இலை வெளிய வரும். ஹைலைட்ஸைக் குறைங்க. ஹிஸ்டோகிராம்ல சிவப்புக் கோடு வலது ஓரத்துல சுவர் மாதிரி முட்டி நிக்குதானு பார்த்துக்கிட்டே இருங்க.

4. சிவப்பு. லைட்ரூம்ல கலர் மிக்ஸ்னு ஒரு பகுதி இருக்கும். அங்க சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, சாச்சுரேஷனை 10-ல இருந்து 20 வரைக்கும் குறைங்க. ஆமா, குறைக்கணும்! பூ போட்டோனா சாச்சுரேஷனைக் கூட்டணும்னு கை தானா போகும். கூட்டினா திரும்பவும் திட்டுதான். குறைச்சுப் பாருங்க, மறைஞ்சிருந்த நரம்பு ஒவ்வொண்ணா வெளிய வரும்.

5. கடைசியா ஷார்ப்னெஸ். மகரந்தத்துக்கு மட்டும் கொடுங்க, படம் முழுக்க வேண்டாம். மங்கலான பின்னணியை ஷார்ப் பண்ணினா புள்ளி புள்ளியா வரும்.

முடிச்சதும் போனை வெச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா, எங்க அதிகமா போயிட்டோம்னு உடனே தெரியும். உப்பு மாதிரிதான், பத்தலைனா போட்டுக்கலாம், கூடிப்போனா குழம்பு போச்சு. அதனால ஒரிஜினலை மட்டும் அழிச்சிடாதீங்க. போன் டிஸ்பிளே "விவிட்" மோட்ல இருந்தா "நேச்சுரல்"க்கு மாத்திட்டு எடிட் பண்ணுங்க. இல்லைன்னா ஸ்கிரீன் காட்டுற பொய்யை நம்பி எடிட் பண்ணுவீங்க. வாட்ஸப்ல அனுப்பும்போது டாக்குமென்டா அனுப்புங்க. சாதாரணமா அனுப்பினா படத்தைச் சுருக்கிடும், கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த நரம்பு திரும்பவும் காணாம போகும்.

ஞாயித்துக்கிழமை காலை

அன்னிக்கு ஆறேமுக்காலுக்கே கொல்லைக்குப் போயிட்டேன். நாலு மொட்டுல மூணு விரிஞ்சிருந்தது. தம்பியை எழுப்பி ஒரு பக்கம் வேட்டி பிடிக்க வெச்சேன். இன்னொரு பக்கம் கொடிக்கம்பியில மாட்டினேன். டிராயிங் ஷீட்டைத் துவைக்கிற கல் மேல சாய்ச்சு நிறுத்தினேன். எட்டரை மணிக்குள்ள அறுபது படம். மத்தியானம் உக்காந்து அஞ்சைத் தேர்ந்தெடுத்து எடிட் பண்ணினேன்.

எனக்குப் பிடிச்சது பக்கவாட்டுல இருந்து எடுத்த ஒரு குளோஸ்-அப். மகரந்தத் தூள் தனித்தனி உருண்டையா தெரியும். இதழ்ல ஒவ்வொரு நரம்பும் இருக்கும். பின்னணி சுத்தமான கரும்பச்சை. கிளப் போட்டிக்கு அதைத்தான் அனுப்பணும்னு முடிவே பண்ணிட்டேன்.

அம்மா அதை ஜூம் பண்ணி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இத்தனை வருஷம் பறிச்சிருக்கேன், இதுக்குள்ள இவ்வளவு இருக்கா?"னு கேட்டாங்க. எனக்கு வானத்துல பறக்கிற மாதிரி இருந்தது. ஆனா, பிரின்ட் போட எதைனு கேட்டதுக்கு வேற ஒண்ணைக் காட்டினாங்க. நான் எக்ஸ்போஷர் சரியா இருக்கானு பார்க்க முதல்ல எடுத்த படம் அது. முன்னாடி ரெண்டு பூ, பின்னாடி மங்கலா துவைக்கிற கல்லும் பச்சை வாளியும்.

"அது எந்த வீட்டுப் பூவா வேணா இருக்கலாம். இதுதான் நம்ம செடி"ன்னாங்க.

பின்னணியைச் சுத்தம் பண்ணுங்கன்னு மேல ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கேன். அதை நான் மாத்தலை. ஆனா எதைக் குப்பைனு வெளிய தள்ளுறோம்னு ஒருதடவை யோசிச்சுட்டுத் தள்ளுங்க. அந்த வாளியை நான் அன்னிக்கு நகர்த்தி வெச்சிருந்தா, அம்மா கேட்ட படமே கிடைச்சிருக்காது.

செடியைத் திங்கட்கிழமை வெட்டிட்டாங்க. பிரின்ட் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு. வாசல்ல நட்ட போத்து ரெண்டு துளிர் விட்டிருக்குனு போன வாரம் அம்மா போன்ல சொன்னாங்க.

சரி மக்களே, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஹாஸ்டல் வாசல்ல இருக்கிற செம்பருத்திகிட்ட போய் நில்லுங்க. எக்ஸ்போஷரை ஒரு படி இறக்குங்க, வெள்ளைத் துணி பிடிக்க ரூம்மேட்டை எழுப்புங்க. திட்டினா நான் சொன்னேன்னு சொல்லுங்க. இதழ்ல நரம்பு தெரிஞ்சா, படத்தை நம்ம இதழுக்கு அனுப்புங்க. அடுத்த மாசம் போட்டுடலாம்!